யாருக்கு விடுதலை? எம்.என். ராயின் வாழ்வும் சிந்தனையும்

நியூயார்க்கில் லாலா லஜபதி ராய் உரையாற்றிய ஒரு கூட்டத்தைப் பற்றி எம்.என். ராய் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இந்தியாவின் வறுமையைப் பற்றி லஜபதி ராய் பேசி முடித்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, ஆட்சி உங்கள் கைக்கு வந்தபின் அந்த வறுமையை எப்படி ஒழிக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். முதலில் எங்கள் வீட்டுக்கு நாங்கள் எசமானர்களாக வேண்டும் என்ற பொருளில் பதில் வந்தது. கேட்டவர் விடவில்லை. அயல்நாட்டு ஏகாதிபத்தியத்துக்குப் பதிலாக உள்நாட்டு முதலாளி சுரண்டினால் ஏழைக்கு அதில் என்ன வேறுபாடு என்றார். அந்நியக் கொள்ளைக்காரன் உதைப்பதற்கும் உடன்பிறந்தவன் உதைப்பதற்கும் வேறுபாடு உண்டு என்று லஜபதி ராய் சினத்தோடு சொல்லி அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார். அவையில் உட்கார்ந்திருந்த இளம் வங்காளியான எம்.என். ராய்க்கு அந்தப் பதில் நிறைவு தரவில்லை. கேட்டவர் பக்கத்தில் நியாயம் இருப்பதாக அவர் மனம் சொல்லியது. நியூயார்க் பொது நூலகத்தில் அவர் மார்க்ஸைப் படிக்கத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான்.

ராயைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை, அவர் எந்த முகாமிலும் நிலைக்கவில்லை என்பது. ஆயுதப் புரட்சி நாடிய தேசியவாதியாகத் தொடங்கிக் கம்யூனிஸ்ட் ஆனார். பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளை மாஸ்கோவிலிருந்து வழிநடத்திய கம்யூனிஸ்ட் அகிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தியா திரும்பிக் காங்கிரஸில் சேர்ந்தார். காங்கிரஸை விட்டுத் தனிக்கட்சி கண்டார். கடைசியில் அந்தக் கட்சியையும் தாமே முன்னின்று கலைத்தார். இந்த வரிசையை மட்டும் வைத்துப் பார்த்தால் அலைபாயும் மனம் என்றே தோன்றும். ஆனால் அவருடைய எழுத்துகளைக் காலவரிசையில் எடுத்துப் படிப்பவருக்கு, நியூயார்க் கூட்டத்தில் எழுந்த கேள்வியையே அவர் போன இடமெல்லாம் எழுப்பினார் என்பதும், கிடைத்த விடை போதாதென்று கண்ட இடங்களிலிருந்துதான் விலகினார் என்பதும் தெரியவரும். ஒவ்வொரு விலகலிலும் செல்வாக்கையும் தோழர்களையும் இழந்தார். எனக்கு ராய் முக்கியமானவராகப் படுவதற்குக் காரணம், அந்த இழப்புக்கு அவர் ஒருபோதும் அஞ்சவில்லை என்பதே.

அவருடைய இயற்பெயர் நரேந்திரநாத் பட்டாச்சார்யா. 1887 மார்ச் 21 அன்று வங்காளத்தின் 24 பர்கனா மாவட்டத்து ஆர்பெலியா கிராமத்தில், சமஸ்கிருத ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1905ஆம் ஆண்டின் வங்கப் பிரிவினை அந்தத் தலைமுறை இளைஞர்களைக் கொதிக்க வைத்தது. நரேன் அனுசீலன் சமிதியின் வழியாகத் தலைமறைவுப் புரட்சிக் குழுக்களுக்குள் வந்து, 'பாகா ஜதீன்' என்று வங்காளம் கொண்டாடும் ஜதீந்திரநாத் முகர்ஜியின் வலக்கரமானார். இயக்கத்துக்குப் பணம் சேர்க்க நடந்த கொள்ளைகளில் அவர் பெயர் அடிபட்டது; ஹவுரா சதி வழக்கில் சிறையும் கண்டார். 1914இல் போர் மூண்டதும், பிரிட்டனின் பகைநாடான ஜெர்மனியிடம் ஆயுதம் பெற்று ஒரே நேரத்தில் கிளர்ந்தெழுவது என்று அந்தக் குழுவினர் திட்டமிட்டனர். அதற்காக 1915இல் நரேன் 'மார்ட்டின்' என்ற பெயரில் ஜாவாவின் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறினார். சுந்தரவனக் காடுகளின் ராய்மங்கல் கழிமுகத்தில் ஆயுதங்களை இறக்குவதாக ஏற்பாடு. வரவேண்டிய மாவெரிக் கப்பல் ஆயுதமின்றியே ஜாவா வந்து சேர்ந்தது. செப்டம்பரில் ஒடிசாவின் பாலேஸ்வரில் போலீஸாருடன் நடந்த மோதலில் ஜதீன் குண்டடிபட்டு மறுநாள் இறந்தார். ஆயுதம் தேடிப் புறப்பட்ட நரேன் ஜப்பானிலும் சீனாவிலும் அலைந்து, பாதிரியார் வேடத்தில் 1916 கோடையில் சான்பிரான்சிஸ்கோ கரையில் இறங்கினார். அங்கு, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகச் சூழலில், நரேந்திரநாத் பட்டாச்சார்யா மானவேந்திரநாத் ராய் ஆனார். அங்கு அறிமுகமான எவலின் டிரெண்டை மணந்துகொண்டார்.

அமெரிக்கா போரில் இறங்கிய 1917இல், கைது நடவடிக்கைகளுக்கு நடுவே இருவரும் மெக்ஸிகோவுக்குத் தப்பினர். புரட்சியின் சூடு ஆறாத அந்த நாட்டில் ராய் ஸ்பானிய மொழி கற்றார், சோஷலிஸ்டுகளோடு சேர்ந்தார். மாஸ்கோவிலிருந்து வந்த மிகைல் பொரோடினோடு இரவு பகலாக உரையாடி ஹெகலின் இயக்கவியலையும் மார்க்ஸின் பொருள்முதல்வாதத்தையும் உள்வாங்கினார். 1919இன் இறுதியில் மெக்ஸிகோவின் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது அதை உருவாக்கியவர்களில் ஒருவராக நின்றார். 1920இல் மாஸ்கோவில் கூடவிருந்த கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாம் மாநாட்டுக்கு அவர் சென்றது மெக்ஸிகோவின் பிரதிநிதியாகத்தான். இந்தியாவில் அன்று அப்படியொரு கட்சியே இல்லை.

அந்த மாநாட்டில் நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காலனி நாடுகளின் தேசிய இயக்கங்களை உலகக் கம்யூனிஸ்டுகள் எப்படி அணுக வேண்டும் என்பதைப் பற்றி லெனின் ஒரு வரைவு எழுதி, கருத்துக் கேட்டுப் பிரதிநிதிகளுக்குச் சுற்றுக்கு விட்டிருந்தார். ஏகாதிபத்தியத்துக்கு எதிரான போராட்டத்தில் அந்நாடுகளின் முதலாளித்துவ ஜனநாயக இயக்கங்களுக்குத் துணைநிற்க வேண்டும் என்பது அதன் சாரம். முப்பத்து மூன்று வயது ராய் அதை ஏற்கவில்லை. இந்தியாவில் முதலாளிகளும் நிலவுடைமையாளர்களும் ஏற்கனவே பிரிட்டிஷ் ஆட்சியோடு பல கண்ணிகளில் பிணைந்தவர்கள், மக்கள் எழுச்சி தங்கள் சொத்தைத் தொடும் நிலை வந்தால் பின்வாங்கிவிடுவார்கள், எனவே தேசிய இயக்கத்தின் தலைமைக்கு வலுச்சேர்ப்பதைவிடத் தொழிலாளர், உழவர் அமைப்புகளை வளர்ப்பதே முதற்கடமை என்று வாதிட்டார். காந்தியைப் பற்றிய கணிப்பிலும் இருவரும் வேறுபட்டனர். வெகுமக்களை இயக்கத்துக்குள் கொண்டுவந்தவர் என்ற முறையில் காந்தி புரட்சிகரப் பங்காற்றுகிறார் என்று லெனின் கருதினார். சமூகக் கருத்துகளில் அவர் பின்னோக்கி இழுப்பவர் என்றார் ராய்.

லெனின் அந்த இளைஞரின் மறுப்பைத் தட்டிக்கழிக்காமல் தனியே எழுதித் தரச் சொன்னார். அப்படி உருவானவைதான் 'துணை ஆய்வுரைகள்'. இதற்காக மாநாடு அமைத்த ஆணைக்குழுவின் விவாதத்தில் இரு பக்கமும் திருத்தங்கள் நடந்தன. லெனினின் வரைவில் 'முதலாளித்துவ ஜனநாயக இயக்கம்' என்று இருந்த இடத்தில் 'தேசியப் புரட்சி இயக்கம்' என்ற சொல் வந்தது. சீர்திருத்தத்தோடு நின்றுவிடும் இயக்கத்துக்கும் புரட்சிகரமான இயக்கத்துக்கும் கோடு கிழித்துக் காட்ட அந்த மாற்றம் தேவைப்பட்டது. மேற்குலகப் புரட்சியின் விதி முழுக்க முழுக்கக் கீழ்த்திசையைச் சார்ந்தது என்ற ராயின் வாதத்தை மிகை என்று லெனின் மறுத்தார். இந்தியாவில் 50 லட்சம் தொழிலாளரும் 3 கோடியே 70 லட்சம் நிலமற்ற உழவரும் இருந்தும் அங்குள்ள கம்யூனிஸ்டுகளால் ஒரு கட்சியை இன்னும் அமைக்க முடியவில்லையே என்று சுட்டிக்காட்டினார். இறுதியில் இருவரின் ஆய்வுரைகளையும் மாநாடு ஏற்றுக்கொண்டது. ஒரு பெரிய மனிதர் தம்மைச் சமமாக நடத்தியது வாழ்வில் அதுவே முதல் முறை என்று ராய் பின்னாளில் நெகிழ்ந்து எழுதினார். அந்த விவாதத்தில் யார் சரி என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. அடுத்த கால் நூற்றாண்டில் காங்கிரஸ் சமரசம் செய்துகொண்டே பிரிட்டிஷாரை வெளியேற்றியும் காட்டியது; அந்த வகையில் லெனினின் கணிப்பு பலித்தது. உழுதவன் கைக்கு நிலம் வந்ததா என்று கேட்டால், ராய் எழுப்பிய ஐயத்தை ஒதுக்கிவிட முடியாது.

1920 அக்டோபர் 17 அன்று தாஷ்கந்தில், எவலின், அவனி முகர்ஜி உள்ளிட்ட சிலரோடு, ராய் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தார். துருக்கியின் கலீபாவுக்கு ஆதரவான கிலாபத் உணர்வில் நாட்டைத் துறந்து ஆப்கானிஸ்தான் வழியே வந்த முகாஜிர் இளைஞர்களுக்கு அங்கே படைப்பயிற்சியும் பின்பு மாஸ்கோவில் அரசியல் கல்வியும் அளிக்கப்பட்டன. 1922 முதல் பெர்லினிலிருந்து 'வான்கார்டு' என்ற இதழை நடத்தி, வெவ்வேறு பெயர்களில் அதை இந்தியாவுக்குக் கடத்தினார். அதே ஆண்டு வெளியான அவருடைய 'மாற்றத்தில் இந்தியா' என்னும் நூல், இந்தியப் பொருளாதாரத்தையும் வர்க்கங்களையும் மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த முதல் முயற்சிகளில் ஒன்று. அந்த ஆண்டு டிசம்பரில் கயாவில் காங்கிரஸ் மாநாடு கூடுவதற்குச் சில நாட்கள் முன்பு, ராய் வகுத்த வேலைத்திட்டத்தை ராய்ட்டர் செய்தி நிறுவனம் தந்தியில் இந்தியா முழுவதும் பரப்பியது. மாஸ்கோவின் சதி என்று மக்களை அச்சுறுத்தப் பயன்பட்டிருக்க வேண்டிய அந்தச் செய்தி, நிலச் சீர்திருத்தம், எட்டு மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி போன்ற கோரிக்கைகளைப் படித்தவர் வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்தக் கயா மாநாட்டில் தம்மைக் கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாக அறிவித்துப் பேசியவர் சென்னையின் ம. சிங்காரவேலர். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி, தொழிலாளர் விவசாயிகள் கட்சியை அவர் தொடங்கியபோது, ஐரோப்பாவிலிருந்த ராய் அதைக் கூர்ந்து கவனித்தார். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. பிரிட்டிஷ் உளவுத்துறை இடைமறித்துப் படியெடுத்த ராயின் கடிதங்களே 1924ஆம் ஆண்டின் கான்பூர் சதி வழக்குக்கு அடிப்படை. குற்றம்சாட்டப்பட்டவர் பட்டியலில் சிங்காரவேலர் பெயரும் இருந்தது. உடல்நலக் குறைவால் அவர்மீது விசாரணை நடக்கவில்லை. டாங்கே, முசாபர் அகமது, சௌகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகிய நால்வருக்கு நான்காண்டு சிறை கிடைத்தது. 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் இந்தியக் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் சிங்காரவேலர்தான். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தன் பிறந்த ஆண்டாக 1925ஐக் கொள்கிறது. மார்க்சிஸ்ட் கட்சியோ 1920ஐக் கொள்கிறது. கடல் கடந்து ராய் நட்டதைத் தொடக்கமாகக் கொள்வதா, சிங்காரவேலர் தலைமையில் இந்த மண்ணில் கூடியதைத் தொடக்கமாகக் கொள்வதா என்பதுதான் இந்தக் கருத்து வேறுபாட்டின் உள்ளடக்கம்.

1927இல் அகிலம் ராயைச் சீனாவுக்கு அனுப்பியது. ஏப்ரலில் ஷாங்காயில், சீனத் தேசியக் கட்சியான கோமிண்டாங்கின் படைத்தலைவர் சியாங் கை ஷேக் கம்யூனிஸ்டுகளையும் தொழிற்சங்கத்தினரையும் படுகொலை செய்த பின், வூஹானில் இருந்த கோமிண்டாங் இடதுசாரி அரசோடு எப்படி நடந்துகொள்வது என்பதில் ராய்க்கும் பழைய நண்பர் பொரோடினுக்கும் கடும் வேறுபாடு எழுந்தது. கிராமங்களில் நிலப் புரட்சியை ஆழப்படுத்த வேண்டும் என்றார் ராய். கூட்டணியைக் காப்பாற்ற அதைத் தள்ளிப்போட வேண்டும் என்றார் பொரோடின். ஜூன் தொடக்கத்தில், நிலப் பறிமுதலுக்கும் தனிப் படை திரட்டலுக்கும் ஆணையிட்டு ஸ்டாலினிடமிருந்து தந்தி வந்தது. அந்தத் தந்தியை ராய் வூஹான் தலைவர் வாங் ஜிங்வெயிடமே காட்டினார். நம்பிக்கை வளர்க்கலாம் என்று எண்ணியிருக்கலாம். விளைந்தது நேர்மாறு: ஜூலை நடுவில் வாங்கும் கம்யூனிஸ்டுகளோடு உறவை முறித்துக்கொண்டார். நிலப் புரட்சியைப் பற்றிய ராயின் வாதத்தில் பொருள் இருந்தது. எதிரில் நிற்கும் மனிதரை எடைபோடுவதில் அவர் தவறினார். வாதத்தின் வலிமையே ஆளை மாற்றிவிடும் என்ற அளவு கடந்த நம்பிக்கை அவரிடம் கடைசிவரை இருந்தது.

தோல்வியின் சுமை அவர் தலையிலும் ஏற்றப்பட்டது. பிரிட்டன் தன் தேவைக்காகவே இந்தியாவில் ஓரளவு தொழில்வளர்ச்சியை அனுமதித்து இந்திய முதலாளிகளுக்குச் சலுகை காட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டது என்ற அவருடைய ஆய்வு, 1928ஆம் ஆண்டு கூடிய அகிலத்தின் ஆறாம் மாநாட்டில் அவர் இல்லாதபோதே கடுமையாகத் தாக்கப்பட்டது. ஜெர்மானிய எதிரணிக் கம்யூனிஸ்டுகளின் ஏட்டில் எழுதியதற்காக 1929இல் அகிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். தலைமறைவாக 1930 டிசம்பரில் பம்பாய் வந்திறங்கினார். ஏழு மாதங்கள் 'டாக்டர் மஹ்மூத்' என்ற பெயரில் நடமாடி, கராச்சி காங்கிரஸுக்கும் போய்வந்தார். 1931 ஜூலை 21 அன்று பிடிபட்டார். 1924ஆம் ஆண்டின் அதே கான்பூர் வழக்கில், சிறைக்குள்ளேயே நடந்த விசாரணைக்குப் பின், 12 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அலகாபாத் உயர்நீதிமன்றம் அதை 6 ஆண்டாகக் குறைத்தது.

கான்பூர், பரேலி, அல்மோரா, டேராடூன் என்று மாறி மாறிக் கழிந்த அந்தச் சிறையாண்டுகளில்தான் ராய் தத்துவவாதியானார். நவீன அறிவியலின், குறிப்பாகச் சார்பியல், குவாண்டம் இயற்பியல்களின், தத்துவ விளைவுகளைப் பற்றி ஒன்பது தடித்த நோட்டுகளில் 3,000 பக்கங்களுக்கு மேல் எழுதினார். பருப்பொருள் கரைந்துவிட்டது, எல்லாம் காரண விதிப்படியே நடக்கும் என்னும் நிர்ணயவாதம் செத்துவிட்டது, ஆகவே ஆன்மிகம் அறிவியலாலேயே நிறுவப்பட்டுவிட்டது என்று அன்று பலர் முழங்கினர். அதை மறுப்பது அவருடைய நோக்கமாக இருந்தது. அந்தக் கையெழுத்துப் படி முழுமையாக இன்றுவரை அச்சேறவில்லை. அதிலிருந்து பிரிந்து வந்த பகுதிகள் 'பொருள்முதல்வாதம்', 'அறிவியலும் தத்துவமும்' போன்ற நூல்களாயின. இஸ்லாத்தின் தொடக்ககால எழுச்சியை ஒரு சமூகப் புரட்சியாகக் கண்டு, அண்டை வீட்டாரின் வரலாற்றை அறியாமலே வெறுக்கும் இந்துப் படிப்பாளிகளைக் கண்டித்து எழுதிய சிறுநூலும் சிறையில் பிறந்ததே.

1936 நவம்பர் 20 அன்று விடுதலையானவர் காங்கிரஸில் சேர்ந்தார். பெர்லினில் அறிமுகமான எலன் காட்சாக்கை அடுத்த ஆண்டு மணந்தார். 'இண்டிபெண்டன்ட் இந்தியா' வார இதழைத் தொடங்கினார். 1940இல் காங்கிரஸ் தலைவர் பதவிக்கு மௌலானா ஆசாத்தை எதிர்த்துப் போட்டியிட்டு 183 வாக்குகள் பெற்றார். ஆசாத் பெற்றவை அதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. அதே ஆண்டு, போரைப் பற்றிய நிலைப்பாட்டில் காங்கிரஸிலிருந்து பிரிந்து தீவிர ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். ஹிட்லரின் எழுச்சியை ஜெர்மனியிலேயே கண்டவர் அவர். பாசிசம் வென்றால் இந்தியா உள்பட எந்த நாட்டுக்கும் விடுதலை என்பதே இராது, பாசிசம் தோற்றால் வென்ற பிரிட்டனும் பேரரசைத் தாங்க முடியாத அளவு களைத்திருக்கும் என்று வாதிட்டு, 1942ஆம் ஆண்டின் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை எதிர்த்தார். 1947ஐ வைத்துப் பார்த்தால் அந்தக் கணிப்பு பெரிதும் மெய்யானது. ஆனால் பல்லாயிரம் பேர் சிறைபுகுந்த ஆண்டில், அவருடைய தொழிற்சங்கக் கூட்டமைப்பு போர்ப் பரப்புரைக்காக அரசிடமிருந்து மாதம் 13,000 ரூபாய் மானியம் பெற்றது. பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை கேட்டு அஞ்சாத ஒருவரைக் கைக்கூலி என்று மக்கள் ஏச அந்தத் தொகை போதுமாயிற்று. அந்த ஏச்சு அநியாயமானது. அதற்கு இடங்கொடுத்தது அவருடைய பெரும் பிழை. போரை அடுத்து வந்த தேர்தலில் கட்சி அடியோடு தோற்றது.

அரசியலில் தோற்றுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் அவருடைய குழு உருவாக்கிய இரு ஆவணங்களை இன்று படித்தால் வியப்பு மேலிடுகிறது. டாட்டா, பிர்லா முதலிய தொழிலதிபர்கள் 1944இல் வெளியிட்ட பம்பாய்த் திட்டம் 15 ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டையும் அடிப்படைக் கனரகத் தொழில்களையும் முன்வைத்தது. அதற்கு மாற்றாக அதே ஆண்டு வந்த மக்கள் திட்டம், 10 ஆண்டுகளில் 15,000 கோடி என்று கணக்கிட்டு, வேளாண்மையையும் அன்றாட நுகர்பொருள் உற்பத்தியையும் முதலிடத்தில் வைத்தது. உழவன் கையில் வாங்கும் சக்தி இல்லாத நாட்டில் ஆலை கட்டி யாருக்கு விற்பது என்பது அதன் அடிப்படைக் கேள்வி. விடுதலை இந்தியாவுக்கான அரசியலமைப்பு வரைவு ஒன்றையும் ராய் எழுதினார். ஊர்தோறும் வயது வந்தோர் தேர்ந்தெடுக்கும் மக்கள் குழுக்கள் இருக்கும். சட்டங்களை முன்மொழியவும், பொதுவாக்கெடுப்புக் கோரவும், தேர்ந்தெடுத்தவரைத் திருப்பி அழைக்கவும் அவற்றுக்கு உரிமை உண்டு. மேலே உள்ள அவைகள் அந்த அடித்தளத்தின்மீது எழும்.

1946 மே மாதம் டேராடூனில் நடந்த படிப்பு முகாமில் ராய் முன்வைத்த கருத்துகள், அந்த ஆண்டு டிசம்பரில் கட்சியின் பம்பாய் மாநாட்டில் 22 ஆய்வுரைகளாக ஏற்கப்பட்டன. 1947இல் வெளியான அறிக்கை அவற்றை விரித்துரைத்தது. அந்தக் கொள்கையைத் தமிழில் 'புதிய மனிதநேயம்' என்று சொல்வது வழக்கம். 'மனிதநேயம்' என்றவுடன் நமக்கு இரக்கமும் உதவியும் நினைவுக்கு வருவதால், 'மானுடவாதம்' என்ற சொல்லையே நான் விரும்புகிறேன். ராய் பேசியது இரக்கத்தைப் பற்றி அன்று, மனிதனே எல்லா மதிப்புகளுக்கும் அளவுகோல் என்ற தத்துவத்தைப் பற்றி.

அதன் தொடக்கப் புள்ளி தனிமனிதன். சமூகம், வர்க்கம், தேசம் ஆகியவை மனிதர் தம் வாழ்வுக்காக உண்டாக்கிக்கொண்டவை. இன்புறுவதும் துன்புறுவதும் தனிமனிதனே; தேசத்துக்கோ வர்க்கத்துக்கோ தனியாக ஒரு வயிறோ வலியோ கிடையாது. எனவே ஒரு சமூகம் முன்னேறியிருக்கிறதா என்பதை, அதில் வாழும் மனிதர்களின் ஆற்றல்கள் தடையின்றி மலர்கின்றனவா என்பதைக் கொண்டே அளக்க முடியும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது தேசியவாதமும் கம்யூனிசமும் அவருக்கு ஒரே குறையுடையனவாகத் தெரிந்தன: இரண்டும் உயிருள்ள மனிதனை ஒரு கூட்டுப்பெயரின் காலடியில் பலியிடக் கேட்கின்றன. பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம் நாளடைவில் தானே உதிர்ந்துவிடும் என்ற நம்பிக்கையைச் சோவியத் நாட்டின் நடப்பு பொய்யாக்கிவிட்டது என்று அவர் எழுதினார்.

மார்க்ஸிடமிருந்து பொருள்முதல்வாதத்தை அவர் விடாமல் வைத்துக்கொண்டார். ஆனால் கருத்துகள் பொருளாதாரத்தின் நிழல் என்பதை மறுத்தார். மனித மூளை உடலில் தோன்றியது என்ற அளவில் கருத்துக்குப் பௌதிக வேர் உண்டு. தோன்றியபின் கருத்துகளுக்குத் தமக்கென ஓர் ஓட்டம் உண்டு. சமூக வரலாறும் கருத்து வரலாறும் இணையாக ஓடி ஒன்றையொன்று பாதிக்கின்றனவே ஒழிய, இன்ன உற்பத்தி முறைக்கு இன்ன சிந்தனை என்று ஒட்டிக்காட்ட முடியாது. ஆகவே புரட்சிக்கு முன் சிந்தனையில் மாற்றம் வர வேண்டும். ஐரோப்பாவில் மறுமலர்ச்சியும் அறிவொளிக் காலமும் செய்ததை இந்தியாவில் செய்யாமல், விதியையும் தலைவரையும் வழிபடும் மக்களிடம் வாக்குச்சீட்டைக் கொடுத்தால் அவர்கள் அதையும் ஒரு காணிக்கையாகப் போட்டுவிடுவார்கள் என்று அஞ்சினார்.

கட்சிகளைப் பற்றிய அவருடைய விமர்சனம் இங்கிருந்து பிறக்கிறது. கட்சி என்பது அதிகாரத்தைக் கைப்பற்றும் கருவி. போட்டியில் வெல்ல மக்களின் அறிவைவிட உணர்ச்சியைத் தொடுவது எளிது. எனவே மக்களை அறியாமையில் வைத்திருப்பதில் எல்லாக் கட்சிகளுக்கும் ஓர் உள்நலன் வந்துவிடுகிறது. நாடாளுமன்ற ஜனநாயகத்தில் குடிமகன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் இறையாண்மையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் யாருமற்ற தனியாளாகிறான். இதைச் சொல்லிவிட்டுத் தம் கட்சியை மட்டும் வைத்திருப்பது நேர்மையாகாது என்று ராய் கருதினார். 1948 டிசம்பரில் கல்கத்தாவில் அந்தக் கட்சி தன்னைக் கலைத்துக்கொண்டது. அரசியல் வரலாற்றில் இப்படியொரு காட்சி அரிது.

இந்தத் தத்துவத்தில் இடைவெளிகள் உண்டு, அவற்றை மறைப்பது ராய்க்குச் செய்யும் மரியாதையாகாது. அண்டம் விதிகளுக்குட்பட்டது, மனிதன் அதன் பகுதி, எனவே மனிதன் இயல்பில் பகுத்தறிவுள்ளவன், பகுத்தறிவுள்ளவன் என்பதாலேயே அறவுணர்வுள்ளவன் என்று அவர் படிப்படியாக ஏறிச் செல்கிறார். கடவுளின் துணையின்றி அறத்துக்கு அடித்தளம் தேடிய அந்த முயற்சி பெருமைக்குரியது. ஆயினும் கோள்கள் விதிப்படி சுழல்வதிலிருந்து நான் அடுத்தவனை ஏமாற்றக் கூடாது என்பது எப்படி வரும் என்ற கடைசிப் படி அவரிடம் நிறுவப்படாமலே நிற்கிறது. இரண்டாவது இடைவெளி இன்னும் அருகிலுள்ளது. ஊர்க்குழுவில் சாதி என்ன செய்யும் என்ற கேள்விக்கு அந்த 22 ஆய்வுரைகளில் விடையில்லை. ராயின் கட்சி கலைந்ததற்கு ஒரு மாதம் முன்பு, 1948 நவம்பர் 4 அன்று, அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையின் குகை என்று சொன்னார். சேரிக்கும் ஊருக்கும் இடையே கோடு இருக்கும் இடத்தில், அதிகாரத்தை ஊரிடம் கொடுப்பது யாரிடம் கொடுப்பது என்று ராயின் கேள்வியையே ராயிடம் திருப்பிக் கேட்கலாம். கல்வி முதலில், குழுக்கள் பிறகு என்பது அவர் சொல்லக்கூடிய பதில்; காத்திருக்கச் சொல்லப்படுபவர்கள் ஏற்கனவே நெடுங்காலம் காத்திருந்தவர்கள்.

அவருடைய சொற்கள் விழுந்த இடங்கள் எதிர்பாராதவை. அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது தம்மை மார்க்சியத்துக்கு இழுத்தவை ராயின் எழுத்துகள் என்று ஜெயப்பிரகாஷ் நாராயண் சொல்லியிருக்கிறார், அதே ஜே.பி. பிற்காலத்தில் கட்சியற்ற ஜனநாயகத்தைப் பேசினார். ராயின் கட்சியில் முழுநேர ஊழியராக இருந்து, பிறகு பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியான வி.எம். தார்க்குண்டே, நெருக்கடி நிலையின் நடுவே, 1976இல், ஜே.பி.யோடு சேர்ந்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் உருவாக முன்னின்றார். கட்சி எதுவாயினும் அரசுக்கு எதிரே தனிமனிதனின் உரிமையைக் காக்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் டேராடூன் முகாம்களின் நேரடி வாரிசு.

ராய் தம் கடைசி ஆண்டுகளை டேராடூன் மோகினி சாலை வீட்டில் எலனோடு கழித்தார். மேற்கத்தியச் சிந்தனை வரலாற்றை ஆராயும் 'பகுத்தறிவு, கற்பனாவாதம், புரட்சி' என்ற இரு தொகுதி நூலை அங்கே எழுதி முடித்தார். 1952 ஜூனில் முசூரி மலைப்பாதையில் நடக்கையில் ஏறத்தாழ ஐம்பதடிப் பள்ளத்தில் விழுந்தார். ஆகஸ்டில் மூளையில் இரத்த உறைவு ஏற்பட்டுப் பக்கவாதம் வந்தது. அந்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய பன்னாட்டு மானுடவாத ஒன்றியம் அவரைத் துணைத்தலைவர்களில் ஒருவராகத் தேர்ந்தது. அவரால் போக முடியவில்லை. சற்றுத் தேறியதும், பழைய நாட்களைப் பற்றித் தம் வார இதழில் தொடராக எழுதத் தொடங்கினார். நியூயார்க் கூட்டம், பொரோடினோடு கழிந்த இரவுகள், லெனினின் அறை எல்லாம் அதில் வருகின்றன. 1954 ஜனவரி 25 அன்று அவர் இறந்தபோது தொடர் 1923ஆம் ஆண்டைத்தான் எட்டியிருந்தது. வூஹானைப் பற்றியும் சிறையைப் பற்றியும் கட்சியைக் கலைத்த நாளைப் பற்றியும் அவர் சொல்ல நினைத்தவை எழுதப்படவில்லை.